ஆளில்லாத கோயிலும் இடமில்லாத கோயிலும்

(ராயப்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'பழைய தேவாலயக் கட்டடங்களுக்குப் புதிய பயன்பாடு'. இதை ராயப்பேட்டையில் பேசச் சொன்னதில் கொஞ்சம் குறும்பு இருக்கிறது. இந்தப் பேட்டையில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் தேவாலயம் எது? என் கண்ணில் ஒன்றும் பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த சர்ச் வாசலிலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களும் ஆங்கில ஆராதனைக்கு உள்ளே போகிறவர்களும் வாசலில் முட்டிக்கொள்கிறார்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை என்றால் ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்துவிடும்; பாதிப் பேர் பீடத்தைப் பார்க்காமல் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே இது நம் ஊர்க் கவலை இல்லை, ஐரோப்பாவின் கவலை என்று சொல்லிவிட்டு நான் இப்போதே உட்கார்ந்துவிடலாம். உட்காரப் போவதில்லை. ஐரோப்பாவில் காலியான தேவாலயங்களை வாங்கியவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. காலியான கோயில்தான் ஆபத்தில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் நிரம்பி வழியும் கோயில்தான் முதலில் இடிபடுகிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் சுற்றிக்கொண்டுதான் அங்கே போக முடியும்.

முதலில் மேற்கு. அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பத்திரிகைகளில் நிறையப் படித்திருப்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1222 என்று ஒரு விதி உண்டு. ஒரு தேவாலயத்தை எந்த வகையிலும் வழிபாட்டுக்குப் பயன்படுத்தவோ பழுதுபார்க்கவோ முடியாது என்றால், மறைமாவட்ட ஆயர் அதைச் சாதாரணப் பயன்பாட்டுக்கு விடலாம். ஆனால் அந்தப் பயன்பாடு இழிவானதாக இருக்கக் கூடாது. எது இழிவு? அங்கேதான் சிக்கல். நியூயார்க்கில் ஒரு பழைய எபிஸ்கோபல் தேவாலயம் 1983-ல் 'லைம்லைட்' என்ற இரவு நடன விடுதியாக மாறியது. அது கத்தோலிக்கக் கோயில் அல்ல, அதனால் அந்த விதி அதைக் கட்டுப்படுத்தாது என்றாலும், உலகம் முழுக்க ஆயர்கள் தூக்கம் கெட்டதற்கு அது போதும். 2018 நவம்பரில் ரோமில் வத்திக்கான் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. கடவுள் இனி இங்கே குடியிருப்பதில்லையா என்ற கேள்விதான் அதன் தலைப்பு. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபை கைவிட்ட, ஆனால் இடிக்க மனம் வராத முந்நூற்றுக்கும் மேற்பட்ட தேவாலயங்களைப் பராமரிக்க ஓர் அறக்கட்டளையே 1969 முதல் இயங்குகிறது.

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் என்ற ஊரில் 13ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் கோயில் ஒன்று இருக்கிறது. 1794-ல் பிரெஞ்சுப் படை வந்தபோது வழிபாடு நின்றது. அதன்பிறகு கிடங்கானது, பல வேலைக்கும் ஆனது. சைக்கிள் நிறுத்துமிடமாகக்கூட இருந்தது. 2006 வாக்கில் அதைப் புத்தகக் கடையாக்கினார்கள். கடைக்கு இடம் போதவில்லை, மாடி வேண்டும். சுவரில் துளை போட்டு உத்தரம் செருகியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் எஃகில் ஒரு பெரிய புத்தக அடுக்கைச் செய்து, ஒரு பக்கமாகத் தனியே நிறுத்தி, அதற்குள்ளேயே படிக்கட்டு வைத்தார்கள். நாளைக்கு வேண்டாமென்றால் அடுக்கைக் கழற்றி எடுத்துவிடலாம், கோயில் பழையபடி நிற்கும். புதிய பயன்பாடு என்றால் எனக்கு முதலில் இந்த அடுக்குதான் நினைவுக்கு வரும். கட்டடக் கலைஞர்கள் இதற்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல் குடியிருப்பது என்று நாம் சொல்லலாம்.

இப்போது நம்மவர்கள் கதைக்கு வருகிறேன்.

லண்டனில் மேற்கு ஈலிங்கில் சேப்பல் ரோடு என்று ஒரு தெரு. சிற்றாலயம் இருந்த தெரு என்று பெயரே சொல்கிறது. அங்கே கிறிஸ்தவ வழிபாடு நடந்த ஒரு கட்டடம் இன்று ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் கோயில். ஆவணி பிறக்கும் முன்னும் பின்னுமாகத் தேர் இழுக்கிறார்கள். வீதி முழுக்கக் காவடியும் தேங்காய்ச் சிதறலும். விம்பிள்டனில் 1981-ல் திறந்த கணபதி கோயிலும் முன்பு தேவாலயத்தைச் சேர்ந்த கட்டடத்தில்தான் குடியேறியது. நியூயார்க்கின் ஃபிளஷிங்கில் 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் கண்ட மகா வல்லப கணபதி கோயில் இருக்கும் மனையில் அதற்கு முன் இருந்தது ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் கோயில். இந்த இடங்களுக்குப் போய்ச் சாமி கும்பிடுகிற நம் மாமிகள் யாரும், இது முன்னே சர்ச்சாக இருந்ததாமே என்று முகம் சுளித்து நான் கேட்டதில்லை. தெரிந்தால், 'அப்பவும் சாமி இருந்த இடந்தானே' என்று சொல்லிவிட்டுப் பிரகாரம் சுற்றப் போய்விடுவார்கள்.

இந்தச் சுலபம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் கோயில் வழக்கத்தில் தெய்வ சாந்நித்தியம் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்ட சங்கதி அல்ல. திருப்பணி தொடங்கும்முன் பாலாலயம் செய்கிறோம். மூலவரின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, அத்திப் பலகையில் எழுதிய உருவத்தில் தற்காலிகமாகக் குடியேற்றுகிறோம். அதன்பிறகு கருவறைக்குள் ஸ்தபதி உளியோடு போகலாம், சாரம் கட்டலாம். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தன்று சக்தி திரும்பி வருகிறது. எடுக்க முடியும், வைக்க முடியும், நடுவில் கட்டடம் வெறும் கட்டடமாக இருக்க முடியும் என்பது நம் ஆகமங்களுக்குப் பழகிய விஷயம். பேராயர் ஒருவர் ஓர் ஆலயத்தின் பிரதிஷ்டையை முறைப்படி விலக்குவதும் ஏறக்குறைய இதுதான். வேற்றுமை ஒன்று உண்டு: நாம் திரும்ப வைப்பதற்காக எடுக்கிறோம், அவர்கள் விடைகொடுக்க எடுக்கிறார்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, லண்டனில் நாம் பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அங்கே அவை விற்பனைக்கு வந்த கட்டடங்கள். விற்றவர் மனமுவந்து விற்றார், வாங்கியவர் பணம் கொடுத்து வாங்கினார். நம் மண்ணின் பழைய கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை.

வேப்பேரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் மர்மலாங் பாலம் கட்டியவர், பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டவர். அவர் கத்தோலிக்கர். வேப்பேரியில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் உடன்படிக்கையின்படி ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. திரும்பி வந்த ஆங்கிலேயர் கத்தோலிக்கக் குருமார் எல்லோரையும் பிரெஞ்சுக்காரரின் ஒற்றர்களாகவே பார்த்தார்கள். 1751-ல் உஸ்கான் இறந்தார். மறுவருடமே அவர் கட்டிய சிற்றாலயம், தரங்கம்பாடி வழியில் வந்த லுத்தரன் போதகர் ஃபப்ரீசியஸ் கைக்குப் போனது. கத்தோலிக்கப் பீடம் இருந்த இடத்தில் புராட்டஸ்டன்ட் ஆராதனை. யாரும் யாரையும் கேட்கவில்லை.

அநியாயமா? ஆம், அநியாயம்தான். ஆனால் அதே வேப்பேரி வளாகத்துக்குத்தான் 1761-ல் புதுச்சேரி விழுந்தபோது அங்கிருந்து கொள்ளைப் பொருளாக வந்த அச்சு இயந்திரமும் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்துதான் 1779-ல் ஃபப்ரீசியஸின் தமிழ் அகராதி வெளியானது. பிடுங்கிய கோயில், பிடுங்கிய இயந்திரம், அதிலிருந்து தமிழுக்கு ஓர் அகராதி! வரலாற்றில் நல்லதையும் கெட்டதையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஊற்றிவைக்க விரும்புகிறவர்கள் வேப்பேரிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. உஸ்கானின் சிற்றாலயம் பிறகு போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித மத்தியா ஆலயம் இன்று அங்கே நிற்கிறது. உஸ்கானின் கல்லறையும் அங்கேதான், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) வளாகத்துக்குள்.

கொச்சியில் இது இன்னும் பட்டவர்த்தனம். ஃபோர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயம் போர்த்துக்கீசியர் எழுப்பிய கத்தோலிக்கக் கோயில். 1524-ல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடம். 1663-ல் டச்சுக்காரர்கள் வந்ததும் அவர்களுடைய சீர்திருத்த சபைக் கோயிலானது. 1804-ல் ஆங்கிலிக்கன் சபைக்குப் போனது. இன்று சி.எஸ்.ஐ. வழிபாடு, தொல்லியல் துறைப் பாதுகாப்பு. கோயில் பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் ஒவ்வொரு கைக்கும் அதில் வேலை இருந்தது. பக்கத்துச் சாந்தா குரூஸ் பேராலயத்தை டச்சுக்காரர்கள் ஆயுதக் கிடங்காக்கினார்கள். கிடங்குக்கு ஜன்னலும் சிற்பமும் எதற்கு? கிடங்காகிப்போன கட்டடத்துக்காக அழவும் ஆளில்லை. 1795-ல் ஆங்கிலேயர் அதை இடித்தே விட்டார்கள். இன்று நாம் பார்க்கும் சாந்தா குரூஸ் அதன்பிறகு நூறு ஆண்டு கழித்து எழுந்தது.

எந்தப் பயன்பாடு என்பதைப் பொறுத்துத்தான் பிழைப்பு என்கிறேன். போர்த்துக்கீசியர் 1961 வரை வைத்திருந்த தியூ தீவில் மூன்று பெரிய பழைய கோயில்கள். கிறிஸ்தவர்கள் மிகச் சிலராகிவிட்டார்கள். புனித பவுல் ஆலயத்தில் வழிபாடு தொடர்ந்தது. புனித தோமையார் ஆலயம் அருங்காட்சியகம் ஆனது. புனித பிரான்சிஸ் அசிசி ஆலயத்தில் மருத்துவமனை நடந்தது. தோமையாருக்கும் பிரான்சிஸுக்கும் அதில் ஆட்சேபம் இருந்திருக்காது என்பது என் சொந்த ஊகம்.

எனக்கு மிகவும் பிடித்த கதை யாழ்ப்பாணத்துக் கதை. அதை நின்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியர் ஆண்டபோது கிராமம் தோறும் கத்தோலிக்கக் கோயில் எழுப்பினார்கள். டச்சுக்காரர்கள் வந்து அதே கோயில்களைத் திருத்தியும் எடுத்துக் கட்டியும் தங்கள் சபைக்கு ஆக்கிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் டச்சு சபை தேய்ந்தது. வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை, உடுவில் போன்ற ஊர்களில் கூரை போன சுவர்கள் மட்டும் நின்றன. 1816-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். தங்க இடமில்லை, தொழ இடமில்லை. ஆங்கிலேய அரசு அந்தச் சிதிலங்களை அவர்களுக்குக் கொடுத்தது. உள்ளே முளைத்திருந்ததை வெட்டி, கூரை போட்டு, அங்கேயே குடியேறி, அங்கேயே பள்ளியும் தொடங்கினார்கள். 1823-ல் வட்டுக்கோட்டை செமினரி பிறந்தது. ஆங்கிலமும் தமிழும் சமஸ்கிருதமும் கணிதமும் வானியலும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஆசியாவில் அக்காலத்தில் அப்படியொரு கல்விக்கூடம் அபூர்வம்.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிறகு தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும், 1887-ல் கலித்தொகையையும் ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பாழடைந்த ஒரு மாதா கோயிலுக்குக் கூரை போடாமல் விட்டிருந்தால் கலித்தொகை அச்சேறியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், அது மிகை. ஆனால் அந்தக் கூரைக்கும் இந்தப் புத்தகத்துக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, நடந்தே போகலாம். இன்று அந்த வட்டுக்கோட்டை ஆலயம் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயத்துக்குப் பேராலயம். கத்தோலிக்கம், டச்சு, பாழ், அமெரிக்கப் பள்ளி, பேராலயம் என்று ஒரே இடத்துக்கு ஐந்து வாழ்க்கை.

ராயப்பேட்டைக்கும் இதில் பங்குண்டு. 1814-ல் இலங்கைக்கு வந்து இறங்கிய வெஸ்லியன் போதகர்களில் ஒருவர் ஜேம்ஸ் லிஞ்ச். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர் 1817-ல் சென்னைக்கு வந்தார். இந்தப் பேட்டையில் வெஸ்லியன் மிஷன் வேர் பிடித்தது அவரால். வெஸ்லி பள்ளி, மொனகன் பெண்கள் பள்ளி என்று நீங்கள் தினம் கடந்துபோகும் மதில்கள் எல்லாம் அந்த மெதடிஸ்ட் மரத்தின் கிளைகள்தான். இன்னொரு விசித்திரமும் உண்டு. அமெரிக்கர்கள் பாழ்ச்சுவருக்குக் கூரை போட்ட தெல்லிப்பழையில் இன்று பெயர்பெற்று விளங்குவது துர்க்கை அம்மன் கோயில். ஈழத்தமிழர்கள் ஈலிங்கில் ஒரு சிற்றாலயத்தை எடுத்துக் குடியேற்றியதும் துர்க்கையைத்தான். தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை.

சரி, ராயப்பேட்டையில் தேவாலயம் கைமாறவில்லை என்றால் வேறு என்ன கைமாறியது? நூற்றாண்டுக்கு மேலாக நம் கண் முன்னே நிற்கும் பாடம், பாரதி சாலையில் இருக்கும் அமீர் மஹால். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலகத்துக்குக் கட்டிய கட்டடம் அது. பிறகு போலீஸ் கோர்ட் நடந்தது. அந்தப் பக்கம் சேப்பாக்கம் அரண்மனையில் ஆற்காட்டு நவாப் குடும்பம். 1855-ல் நவாப் குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி பட்டத்தை இல்லாமலாக்கியது. அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசாங்கத்திடமே போனது. விக்டோரியா அரசி பிற்பாடு ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் கொடுத்தார். பட்டம் கொடுத்தால் வீடு வேண்டாமா? ராபர்ட் சிஸம் என்ற அரசாங்கக் கட்டடக் கலைஞர் இந்தப் போலீஸ் கோர்ட்டை அரண்மனையாக்கினார். 1876-ல் குடும்பம் குடியேறியது, இன்றும் இருக்கிறது.

இதில் கவனியுங்கள்: அரண்மனை அலுவலகமானது, அலுவலகம் அரண்மனையானது. இரண்டிலும் கை வைத்தவர் அதே சிஸம்தான். சேப்பாக்கம் அரண்மனையில் வருவாய்த்துறை உட்கார்ந்தது. அதன் ஒரு பகுதியான கலஸ் மஹால் 2012 ஜனவரியில் எரிந்தது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு எந்தக் கட்டடத்துக்கும் அந்த நிலையில் எழும். பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பு கொண்டே மீட்டெடுத்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. இன்னும் கொஞ்சம் கடற்கரையோரம் நடந்தால், 1842-ல் அமெரிக்க ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. நமக்குக் கட்டடம் மாற்றத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் பழைய கட்டடம் ஏன் சாகிறது? பூட்டுவதால் சாகிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சென்னையின் பழைய பங்களாக்கள், பள்ளிகள், போதகர் வீடுகள் பலவற்றுக்கும் மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன்மேல் வரிசையாகச் சிறு கட்டைகள், அதற்கும் மேல் சின்னஞ்சிறு செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துக்கோடாகச் சாய்த்து நெருக்கிய ஒரு அடுக்கு. பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. நூற்றைம்பது ஆண்டு நிற்கும் கூரை. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: ஐப்பசி பிறக்கும்முன் யாராவது மேலே ஏறி இலை தழையைக் கூட்டி, தண்ணீர் போகும் வாய்க்குழாயை அடைப்பெடுக்க வேண்டும். ஆளில்லாத கட்டடத்தில் அது நடக்காது. தண்ணீர் தேங்கும். காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று சுண்ணாம்புக்குள் வேர் விடும். உத்தரத்தின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில் உளுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மழையில் உட்காரும். மறுநாள் பத்திரிகையில் 'பாழடைந்த கட்டடம் இடிந்தது' என்று வரும். பாழடைந்தது அல்ல, பூட்டப்பட்டது.

இதில் இன்னொரு கொடுமை, அன்பால் செய்யும் கொடுமை. சுண்ணாம்புச் சுவரில் உப்புப் பூத்தால் உடனே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உள்ளிருக்கும் செங்கல்லை மாவாக்குகிறது. நன்கொடை கொடுத்தவர் பெயர் கிரானைட்டில் பளபளக்கும், பின்னால் சுவர் கரைந்துகொண்டிருக்கும்.

தனுஷ்கோடியைப் பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே போன பிறகு பவளக்கல்லில் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சுற்றிலும் சங்கு மணி விற்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு புதிய பயன்பாடுதான், இடிந்து நிற்பதே அதன் வேலை. ஆனால் எல்லாக் கோயிலுக்கும் அந்த வாழ்க்கை வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். தமிழ்நாட்டில் பழைய தேவாலயம் இடிபடுவது பெரும்பாலும் ஆளில்லாமல் அல்ல, ஆள் கூடியதால். சபை பெருகுகிறது. 'கோயில் பத்தலை' என்று சேகரக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்கிறார். உண்மைதான், பத்தவில்லை. உடனே கட்டட நிதி. பழையதை இடித்து அதே இடத்தில் இரண்டு மடங்கு பெரிதாக, தூண் குறுக்கிடாத கான்கிரீட் மண்டபம். புதிய மூலைக்கல், பிரதிஷ்டைப் பண்டிகை, பேராயர் வருகை, அசன விருந்து. பழைய கோயிலின் பர்மாத் தேக்கு மரக்கடைக்குப் போகிறது. வண்ணக் கண்ணாடி உடைகிறது. சுவரில் பதித்திருந்த நினைவுப் பலகைகள், காலராவில் இறந்த குழந்தைகளின் பெயரும் அந்த ஊரில் முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களின் பெயரும் இருக்கும் பலகைகள், படிக்கல்லாக ஆகிவிடுவதும் உண்டு. ஐரோப்பாவில் சபை கலைந்து கோயிலைக் கைவிட்டது. இங்கே சபை பெருகிக் கோயிலைத் தின்றுவிடுகிறது.

அந்தச் சபையார் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் நின்று ஆராதனை செய்கிற கிழவிக்கு உள்ளே ஒரு பெஞ்சு வேண்டும் என்பது நியாயமான ஆசை. நான் கேட்பது இதுதான்: பெரிய கோயில் கட்டுவதற்கு ஏன் சின்னக் கோயில் சாக வேண்டும்? பாளையங்கோட்டையில் 1785-ல் குளோரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவை கட்டிய சிறு கோயில் இன்றும் நிற்கிறது. மக்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். திருநெல்வேலி சபை எத்தனையோ மடங்கு பெருகி, பேராலயம் வேறிடத்தில் எழுந்தது. சின்னது சின்னதாகவே இருக்க விட்டார்கள். அப்படி விடுவதற்குத்தான் புதிய பயன்பாடு வேண்டும். புதியதைப் பக்கத்திலோ பின்னாலோ கட்டிக்கொண்டு, பழையதை ஞாயிறு பள்ளிக்கு, பாடகர் குழுப் பயிற்சிக்கு, வாரநாள் ஜெபத்துக்கு, வாசகசாலைக்குக் கொடுக்கலாம். உயர்ந்த கூரையுள்ள பழைய ஆலயத்தில் பேச்சு எதிரொலித்துக் கெடும், பாட்டு இனிக்கும். அதைத் தெரிந்து வேலை கொடுக்க வேண்டும். அறை அறையாகத் தடுத்து அலுவலகம் போட்டால் அது கட்டடத்துக்குத் தண்டனை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1991-ஆம் ஆண்டு வழிபாட்டிடங்கள் சட்டம், 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழிபாட்டிடத்தின் சமயத் தன்மை எதுவோ அதுவே தொடர வேண்டும் என்கிறது. ஒரு சமயத்தின் கோயிலை இன்னொரு சமயத்தின் கோயிலாகவோ, அதே சமயத்தின் வேறு பிரிவுக்கோ மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை. ஆகவே ஈலிங்கில் நடந்தது இங்கே நடக்க வழியில்லை. நல்லதுதான், இந்த நாட்டில் அந்தக் கதவைத் திறந்துவைத்தால் என்ன உள்ளே வரும் என்பது நமக்குத் தெரியும். சபை தானே தன் கோயிலை நூலகமாக்கலாமா என்பதில் வழக்கறிஞர்கள் இருபக்கமும் வாதாட இடமுண்டு. ஆனால் வழிபாடு முற்றாக நிற்காமல் பயன்பாடு விரியும்போது அந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. இன்னொரு பக்கம், சென்னை உயர்நீதிமன்றத்தின் 2010 தீர்ப்புக்குப் பிறகு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. பாரம்பரியக் கட்டடங்கள் என்று நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்டவை 467. பட்டியலில் இல்லாத சின்னக் கோயிலுக்கு அந்தக் குடை எட்டாது.

ராயப்பேட்டைக்கு இதில் இன்னொரு முகம் உண்டு. கோயில் நிரம்புகிறது, அதே வளாகத்துப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் கூட்டம் குறைகிறது. சென்னையின் அரசு உதவிபெறும் பழைய பள்ளிகள் பலவற்றில் சேர்க்கை சரிந்து வருவது ஊரறிந்தது. மிஷன் பங்களாக்கள், ஆசிரியர் குடியிருப்புகள், பழைய விடுதிக் கூடங்கள் என்று பிரதிஷ்டை செய்யப்படாத, எவர் மனத்தையும் புண்படுத்தாமல் மாற்றக்கூடிய கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு ஆளில்லை, பக்கத்தில் கோயிலுக்கு இடமில்லை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிக் கணக்கு தீரும். ஆனால் மயிலாப்பூருக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடம் விரிக்கும்முன் தரகர் வந்துவிடுகிறார்.

அதனால் சேகரக் குழுக்களில் இருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். இடிக்கும் தீர்மானம் போடுவதற்கு முந்தைய கூட்டத்தில், இப்போதுள்ள கட்டடத்தை அளந்து வரைபடம் எடுக்கும் தீர்மானம் ஒன்றைப் போடுங்கள். கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள் ஆசையாக வந்து செய்வார்கள், டீச் செலவுதான். பலகைகளையும் கல்லறைக் கற்களையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பதிவேட்டில் சேருங்கள். அதையெல்லாம் செய்து முடித்த பிறகும் இடிக்கத்தான் வேண்டும் என்று சபை சொன்னால், சபை சொன்னதுதான். உஸ்கானின் சிற்றாலயத்தில் கும்பிட்டவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

இங்கே வரும்போது ஒரு நண்பர் வாசலில் நிறுத்திக் கேட்டார்: 'சாமி கும்பிட்ட இடத்துல காபிக் கடை வெக்கலாங்களா?' வைக்கலாம் என்றேன். கும்பிட்டவர்கள் சரி என்று சொன்ன பிறகு, சுவரில் ஆணி அடிக்காமல், ஐப்பசிக்கு முன் கூரையில் இலை கூட்டச் சம்பளத்துக்கு ஒரு ஆளும் போட்டுவிட்டு வைக்கலாம். அந்தச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று உடனே கேட்டார். அவர் சேகரப் பொருளாளராம்.